பாட்டு பிறந்தது போன மண்ணில்தான்

(மூணாறில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: தொழிலாளர் பாடகர் ஜோ ஹில்லை வளர்த்தது பிறந்த மண்ணா, பிழைக்கப் போன மண்ணா? இரண்டாம் அணியின் உரை.)

நடுவர் அவர்களே, வணக்கம். கொழுந்து எடை போட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமார்களே, உங்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தம்பி பிரமாதமாகப் பேசினார். 1879இல் ஸ்வீடனில் யெவ்லே ஊரில் பிறப்பு. அப்பா ஆர்கன் வாசிப்பார், பிள்ளைகள் கூடிப் பாடுவார்கள். ஆகவே பிறந்த மண்தானாம். தம்பி, பாதியிலேயே நிறுத்திட்டீங்களே! ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா அடிபட்டுச் செத்தபோது பையனுக்கு எட்டு வயது. அப்புறம் கயிற்று ஆலை. 1902இல் அம்மாவும் போன பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சங்கீதக் காது பிறந்த வீட்டில் கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். பாட்டு?

அமெரிக்கத் தெருமுனையில் தொழிற்சங்கத்துக்காரர் வாயைத் திறந்தால், பக்கத்திலேயே சால்வேஷன் ஆர்மி என்கிற கிறிஸ்தவ அமைப்பின் பேண்டு முழங்கும். பேச்சு ஒருத்தர் காதிலும் விழாது. சங்கத்துக்காரர்கள் அந்த மெட்டையே பிடித்துக்கொண்டு தங்கள் வரிகளைப் போட்டார்கள். பேண்டுக்கூலி அவன் செலவு, பாட்டு நம்ம பாட்டு! இதில் ஜோ ஹில் கைதேர்ந்த ஆள். மறுகரையில் சந்திப்போம் என்று உருகுகிற பக்திப் பாட்டின் மெட்டில் 1911இல் ‘பிரசங்கியும் அடிமையும்’ எழுதினார். பசிக்கிறது என்றால், செத்த பிறகு மேலே போய்ச் சாப்பிட்டுக்கோ என்கிறார்களே என்று ஒரே நக்கல். மெட்டு அமெரிக்க மெட்டு. எழுதியதும் தாய்மொழியில் இல்லை, அங்கே போய்ப் பழகிய ஆங்கிலத்தில்.

நம்ம தோட்டத்து லயன் வீடுகளுக்கே வாங்க. பாட்டிமார் திருநெல்வேலிப் பக்கமிருந்து தெம்மாங்கைக் கொண்டுவந்தார்கள், சரி. அதில் கங்காணியும் அட்டைக்கடியும் நுழைந்தது மலையேறிய பிறகுதானே? 2015 போனஸ் போராட்டத்தில் பெம்பிளை ஒருமை என்று திரண்ட நம்ம தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போட்ட முழக்கம் தமிழ்தான். அந்தக் கோபம் ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியிலா வந்தது?

கடைசியாக ஒரு குண்டு போட்டார் தம்பி. கொலை வழக்கில், இன்றுவரை சர்ச்சை ஓயாத தீர்ப்பில், 1915 நவம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜோ ஹில்லைச் சுட்டுக் கொன்றார்கள். ‘யூட்டாவில் நான் பிணமாகக் கிடக்க விரும்பவில்லை’ என்று அவரே எழுதினாரே, போன மண்மேல் என்ன பாசம் என்று கேட்டார். நடுவர் அவர்களே, முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். மாநில எல்லைக்குக் கொண்டுபோய்ப் புதைக்க முடியுமா என்றுதான் கேட்டார். ஸ்வீடனுக்கு அனுப்புங்கள் என்று கேட்கவே இல்லை!