கடிதம் எந்த மொழியில் வந்தது?

(வெள்ளவத்தையில் நடந்த மாணவர் உரிமைக் கூட்டமொன்றில் பேசியது. எழுதும்போது அங்குமிங்கும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். ரயில் குறுக்கிட்ட இடத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி அரை மணி நேரத்தில் அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தையே விரித்து வைத்த சட்டத்தரணி அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே! ஐயாவைக் கூட்டிவர வாகனம் அனுப்புகிறோம் என்றதற்கு, “எனக்கு 100ஆம் இலக்க பஸ் தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்து இறங்கியிருக்கிறார். 80 வயது தாண்டியவர். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுத் தொடருவோம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நிர்வாகத்தினருக்கும், ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிக்கும், பரீட்சைக்காலத்திலும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். கொழும்பு வெக்கைக்கு அது சரிவராது. போர்த்திய அம்மா கோபிக்கக் கூடாது.

‘வளாகத்தில் பேச்சுச் சுதந்திரமும் மாணவர் உரிமையும்’ என்று தலைப்புத் தந்தார்கள். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். சட்டம் என்ன சொல்கிறது, மாணவர் ஒன்றியம் யாருக்குச் சொந்தம், புதுப் பிள்ளைகளைச் சீண்டி வதைக்கும் பகிடிவதையும் ஒரு வாயடைப்புத்தானே. இந்த மூன்றும்.

என் அம்மம்மா வாயைத் திறந்தால் ஒரு பழமொழி சொல்லுவா: “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.” கடைக்குப் போனால் மிச்சக்காசு கேட்டு வாங்கத் தெரியாமல் திரும்பி வருவேன், அதற்குச் சொன்னது. இத்தனை வருடம் கழித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாகக் கதிரையில் இருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொண்டுவரும் கடிதங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழமொழியில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அம்மா விரிவாகச் சொல்லிவிட்டார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் அமைதியாகக் கூடுவதற்கும் சங்கம் அமைப்பதற்கும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை தருகிறது. அதே உறுப்புரையில் கொஞ்சம் கீழே, சொந்த மொழியைப் பயன்படுத்தும் சுதந்திரமும் இருக்கிறது. இதை ஏனோ யாரும் மேடையில் சொல்வதில்லை. நான் சொல்லாமல் விடுவதில்லை. வரம்புகள் 15ஆம் உறுப்புரையில் உண்டு. ஆனால் அந்த வரம்புகளைச் சட்டம் விதிக்க வேண்டும். பீடாதிபதியின் மனநிலை விதிக்க முடியாது.

ஆனால் இந்த மண்ணில் மாணவர் வாய்க்கு என்ன நடந்திருக்கிறது? 1976 நவம்பர் 12, பேராதனை வளாகத்தில் பொலிஸ் சூட்டில் வீரசூரிய என்ற மாணவர் இறந்தார். 2012 நவம்பரில் மாவீரர் நாளுக்கு விளக்கேற்றியதைத் தொடர்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு அதே வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. பிள்ளைகள் விடவில்லை, அது திரும்ப எழும்பியது. 2022 ஆகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் ஏற்பாட்டாளர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அவர் சிங்களப் பிள்ளை. அந்தச் சட்டத்துக்கு இனம் தெரியாது என்பதைத் தெற்கு அன்றுதான் முழுதாகக் கண்டது.

நிற்க. மற்றவர் செய்ததை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. 1989 செப்டம்பரில் யாழ் மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் தலைவர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் அதே பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை மாணவி, கவிஞர் செல்வி, பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. அவரைப் பிடித்துப்போனது அரசாங்கம் அல்ல, விடுதலைப் புலிகள். எங்கள் வீட்டுக்குள்ளேயே வாயைப் பொத்தியிருக்கிறோம். இதைச் சொன்னால் சில கூட்டங்களில் கதிரை இழுக்கும் சத்தம் கேட்கும். இன்று கேட்கவில்லை, நன்றி.

(ரயில். அது போகட்டும். கரையோரப் பாதைக்குப் பக்கத்தில் மண்டபம் கட்டியவர்கள் பேச்சாளர்களுக்கு மூச்சுவிட நேரம் தந்திருக்கிறார்கள்.)

அமெரிக்காவில் பெர்க்லி என்று ஒரு வளாகம். 1964 அக்டோபர் 1ஆம் திகதி, அரசியல் துண்டுப்பிரசுர மேசை போட்ட ஒரு இளைஞரைப் பொலிஸ் காருக்குள் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி இருந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் அசையவில்லை. அதன் கூரையே மேடையாகிவிட்டது. அதில் ஏறிய மாரியோ சாவியோ என்ற மாணவர், பொலிஸ் காருக்குச் சேதம் வரக்கூடாதென்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினாராம். எங்கள் பிள்ளைகளைக் காவாலிகள் என்று சொல்லும் பெரியவர்கள் அந்தச் சப்பாத்தை நினைக்க வேண்டும். நாங்கள் கோயில் வாசலில் மட்டுந்தானே கழற்றுவோம்!

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு இரவு போன் வந்தது. பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அப்பா. “ஐயா, புள்ளைக்கு கம்பஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்குங்க. கிளாக்கரையா வாசிச்சாரு. குண்டு வெடிக்கும்னு புள்ள எழுதுனதா போட்டிருக்காம்.” அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

மறுநாள் பிள்ளை என்னிடம் வந்தாள். எந்த வளாகம் என்று சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம். விடுதிச் சுவரில் தமிழ்ப் பிள்ளைகள் ஒட்டும் கையெழுத்துப் பத்திரிகையில் அவள் ஒரு கவிதை எழுதியிருக்கிறாள். எட்டு வரி. அதில் மூன்று வரி:

பச்சைக் காயென்று பறிக்காதே,
பொறு,
தன் நாளில் வெடிக்கும்.

இலவங்காய்! வீட்டுக்குப் பின்னால் நின்ற இலவமரத்தை நினைத்து எழுதியது. பாதுகாப்பு அதிகாரி கைத்தொலைபேசியால் படம் எடுத்து, மொழிபெயர்க்கும் செயலியில் போட்டிருக்கிறார். ‘பொறு, ஒருநாள் வெடிக்கும்’ என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான். விளக்கம் கோரும் கடிதம், இரண்டு வார வகுப்புத்தடை, அப்பாவுக்கு ஒரு பிரதி. எல்லாம் சிங்களத்தில்.

விசாரணைக்குப் பிள்ளையோடு போனேன். வெளியார் உள்ளே வரக்கூடாது என்று மர வாங்கில் இருத்திவிட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம். எதிரில் ஒரு நாட்காட்டி, இரண்டு மாதம் கிழிக்காமல் தொங்கியது. பிறகு கூப்பிட்டார்கள். ஏன் தெரியுமா? குற்றப்பத்திரிகையாக மேசையில் கிடந்த கவிதையை அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் வாசிக்கத் தெரியவில்லை!

வாசித்தேன். விளக்கினேன். தலைவராக இருந்தவர், “வெடிக்கும் என்று இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டார். இருக்கிறது. பொய் சொல்ல முடியுமா? சத்தியப்பிரமாணம் செய்தவன். கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு காயை வரைந்தேன். என் ஓவியம் மாங்காய் போல வந்தது. பிளவு ஒன்று போட்டு, அதிலிருந்து பஞ்சு வருவது போலக் கீறினேன். மூலையில் நின்ற பாதுகாப்பு அதிகாரி எட்டிப் பார்த்தார். “ஆ... கொட்ட புளுன்!” என்றார். இலவம்பஞ்சுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். குருநாகல்காரர். தங்கள் வளவிலும் அந்த மரம் நிற்கிறது, சின்ன வயதில் அம்மா அதில்தான் தலையணை தைத்துத் தருவா என்று அவரே சிங்களத்தில் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். முறைப்பாடு செய்தவரே சாட்சியாகிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தேநீரும் வந்தது.

பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பரீட்சை போய்விட்டது. சுகவீனத்துக்கு விதிவிலக்கு உண்டாம், வகுப்புத்தடைக்கு இல்லையாம். ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ‘சி’க்கு மேல் போடமாட்டார்கள். குற்றச்சாட்டை நீக்கிக் கடிதம் வந்தது. அதுவும் சிங்களத்தில். அதை நான் இலவசமாக மொழிபெயர்த்து அந்த அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அதனால்தான் சொல்கிறேன், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது கேட்கிறவனுக்கு அந்த மொழி தெரிந்தால்தான்.

இது ஒரு பிள்ளையின் கதை, நீங்கள் இதைப் பெரிதாக்குகிறீர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அஹ்னாப் ஜஸீமை நினைத்துப் பாருங்கள் என்றேன். தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். வன்முறையைக் கண்டித்த கவிதைகளையே வன்முறைக்குச் சாட்சியாக்கப் பார்த்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். மூன்றரை வருடம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு நிதானமான மனிதர் முதல் வாரத்திலேயே ஒரு மாலை நேரம் செலவழித்திருந்தால் போதாதா?

இன்னொன்று. சட்டத்தரணி அம்மா திருத்த வேண்டுமானால் திருத்தலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம். கடிதம் கையில் கிடைத்து, அது என்ன சொல்கிறது என்று விளங்க ஒரு கிழமை, மொழிபெயர்ப்பாளனைத் தேட ஒரு கிழமை, ஊரிலிருந்து அப்பா வர மூன்று நாள். மிச்சம் என்ன? மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பிள்ளைகள் இதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். தனியார் பட்டக் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 126 அரசின் நிர்வாகத்துறைச் செயலுக்கு மட்டுந்தான். அதற்கு வேறொரு கூட்டம் வைக்க வேண்டும்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று எழுதிவிட்டார்கள். எழுதினதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு மாணவர்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தால் கடிதம் அவர் வாசிக்கும் மொழியில் வரவேண்டும். விசாரணையில் உரைபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு கையில் கிடைக்கும் நாள் வரை தண்டனை தொடங்கக் கூடாது. காலியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்தில் படிக்கும் சிங்களப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு. யாழ்ப்பாணத்துக்கு வந்த சிங்களப் பிள்ளைக்குத் தமிழில் மட்டும் கடிதம் போனாலும் நான் இதே மேடையில் இதே குரலில்தான் பேசுவேன்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். மாணவர் ஒன்றியம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. பகிடிவதையைத் தடைசெய்ய 1998இலேயே 20ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். முதல் வருடப் பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு உபவேந்தரிடம் பேச்சுச் சுதந்திரம் கேட்கும் சிரேஷ்ட மாணவர்களோடு எனக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அது அடுத்த முறை, தலைவர் கூப்பிட்டால்.

வாசலில் ஒரு மேசை இருக்கிறது. அதில் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் மனு, மூன்று மொழியிலும். கீழே பெயரும் கையெழுத்தும் போதும், மாணவர் பதிவிலக்கம் கேட்கவில்லை, பயப்பட வேண்டாம். பேனையை நூலில் கட்டியிருக்கிறார்கள், போன கூட்டத்தில் நான்கு பேனை போய்விட்டதாம். முதலில் பேராசிரியர் ஐயா போகட்டும், அவருக்குக் கடைசி 100 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.