வயிற்றைச் சுற்றி ஓர் இஞ்ச் டேப்

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோய்க்காக வருகிறவர்களிடம் "கொஞ்சம் உடம்பைக் குறைக்கணும்" என்று சொன்னால், பலர் சிரித்துவிடுவார்கள். "இதில் எதை டாக்டர் குறைக்கிறது? நானே ஒல்லி" என்பார்கள். கையும் காலும் ஒல்லிதான், மறுக்கவில்லை. சட்டையில் தொப்புளுக்கு மேலே இருக்கிற பொத்தான் மட்டும் வேறு கதை சொல்லும்.

அதனால்தான் எடை மிஷினைவிட இஞ்ச் டேப்பை நம்புகிறேன். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதேதான். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். எக்கக் கூடாது! டேப்பைப் பார்த்ததுமே எக்காத ஆம்பளையை நான் பார்த்ததில்லை. நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர், பெண்கள் என்றால் 80. அதற்கு மேலே போனால், ஒல்லி என்ற பேச்சு எடுபடாது.

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தைச் சேர்ந்தாற்போல வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. வானொலியில் படம் காட்ட முடியாது. காட்டினாலும் தெரியாது, கொழுப்பு உள்ளே அல்லவா இருக்கிறது!

உள்ளே என்றால் முதலில் கல்லீரலில். அங்கே நிறைந்த பிறகு, மேல்தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி ரத்தத்தில் கலந்து கணையத்திலும் போய்ப் படிகிறது. இன்சுலின் சுரக்கிற செல்கள் சுணங்கிப்போகின்றன. இதை ஆராய்ந்து சொன்னவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் டாக்டர் ராய் டெய்லர். எடை குறைந்தால் கல்லீரல் கொழுப்புதான் சீக்கிரம் கரையும் என்பது நமக்கு நல்ல சேதி.

எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1870-இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரைச் சுற்றி வளைத்தது. மாதக்கணக்கில் உள்ளே சோறு தண்ணி வரவில்லை. ஜனங்கள் எலியைத் தின்றார்கள். மிருகக்காட்சிசாலை யானையைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த ஊரில் பூஷார்டா என்றொரு டாக்டர். அவரிடம் வந்த சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரையே காணோம்! முற்றுகைதான் மருந்தாகிவிட்டது. குறைவாகச் சாப்பிடுங்கள் என்று நோயாளிகளைப் பிடித்துக்கொண்டார் மனிதர். இன்சுலின் வர இன்னும் 50 வருஷம் இருந்தது.

அன்று கண்ணில் பட்டதை 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று முறையாகவே சோதித்துக் காட்டியது. நோய் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்கள், சில மாதங்கள் நாளுக்குச் சுமார் 850 கலோரி உணவு. ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் அது 86 சதவீதம். அவர்கள் குண்டானவர்கள், நமக்கு எப்படி என்பீர்கள். மெலிந்தவர்கள் 20 பேரை வைத்தும் டெய்லர் பார்த்தார். உடம்பில் பத்தில் ஒரு பங்கு போல இறங்கியதில் 14 பேருக்கு அப்படி ஆனது. 60 கிலோ ஆள் என்றால் ஆறு கிலோ, அவ்வளவுதான். இறக்கிய எடை திரும்ப ஏறினால் நோயும் திரும்பும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, எதைக் குறைப்பது? "ராத்திரி சப்பாத்திதான் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எத்தனை என்று கேட்டால் நாலு, கூடவே உருளைக்கிழங்கு குருமா. இரண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் மாவுச்சத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். கேழ்வரகுக் களி உருண்டையும் அந்தக் கணக்குத்தான். சோறு பாவம், அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. தட்டில் பாதியைக் கீரை, அவரை, புடலை என்று காய் பிடித்துக்கொள்ளட்டும், பருப்போ மீனோ முட்டையோ கால் பங்கு, மிச்சக் கால் சோறு. மறுசோறு வேண்டாம், ரசத்துக்கென்று தனிச் சோறும் வேண்டாம். நம் ஊரில் இந்த ரசச் சோறு கணக்கிலேயே வராது!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். நடைப்பயிற்சி பற்றி நிறைய வைத்திருந்தேன். சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் நடங்கள், இப்போதைக்கு அது போதும். ஒன்றை மட்டும் விட முடியாது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் உங்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைச் சட்டென்று குறைக்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகள் இதில் இறங்கவே கூடாது. வணக்கம்.