நடுவர் அவர்களே என்றால் எத்தனை நடுவர்?

நடுவர் அவர்களே, மலையகத்து ஹட்டன் மக்களே, வணக்கம். அன்றாட ஆங்கிலத்தில் எல்லோரையும் 'ஹி', அதாவது 'அவன்', என்று ஆண்பாலில் எழுதும் பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும், ஆணா பெண்ணா தெரியாத இடத்தில் 'தே', அதாவது 'அவர்', என்று எழுதலாம் என்பது எங்கள் அணி.

எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டு, கைதட்டலும் வாங்கிப் போனார். "ஒத்த ஆளை 'தே' என்றால் பெரட்டில் ரெண்டு பேர் போடுவார்களா?" என்றார். பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பது; பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு.

அண்ணே, நான் எப்படித் தொடங்கினேன்? "நடுவர் அவர்களே." மேடையில் எத்தனை நடுவர்? ஒருத்தர்தான்! உங்கள் அம்மாயியை "அவங்க வந்தாங்க" என்கிறீர்களே, எத்தனை அம்மாயி வந்தாங்க? 'அவர்' பன்மையாக இருந்து மரியாதைக்காக ஒருத்தருக்கு வந்த சொல். ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. இங்கிலீஷ் 'யூ'வும் பன்மையாக இருந்ததுதான். அதை ஒரே ஆளிடம் சொல்கிறோம், யாருக்காவது ரெட்டைப் பேர் விழுந்ததா? ஒற்றை ஆளுக்கு 'தே' 14ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது, அண்ணே. நேற்று முளைத்த காளான் இல்லை.

"'ஹி' என்றால் பெண்ணும் அடக்கம்" என்றும் சொன்னார். சரி, 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அப்படிச் சட்டமே போட்டது. அந்தச் சட்டம் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

நான் ஆறாம் வகுப்பு. அம்மா பெயருக்கு இங்கிலீஷில் ஒரு தபால். வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து நான்தான் வாசித்தேன். தொழிலாளி 'ஹிஸ்' அடையாள அட்டையோடு வர வேண்டுமாம். 'ஹிஸ்' என்றால் 'அவனுடைய'. மனப்பாடம்! "அப்பாவைத்தான் கூப்பிடுறாங்க" என்றேன். அம்மாவின் சம்பளத்தையே அப்பா போய் வாங்கும் காலம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டார். தலைக்கு எண்ணெய் வைத்தார். முதல் பஸ் பிடித்தார். பகல் வரை வரிசை. ஜன்னலில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரும்பவும் கடிதத்தைப் பார்த்தார். "ஆள் எங்கே?"

மறுநாள் அம்மா போனார். "நேற்றோடு முடிஞ்சது" என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரு நாள் பேர் போனது.

அன்று இரவு அம்மா என்னைத் திட்டவில்லை. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலால் அந்தத் தாளை நீவி நீவி விட்டார். அப்புறம் கேட்டார்: "கவர் மேல என் பேர் இருக்கு. உள்ளுக்குள்ள நான் இல்லையா, புள்ள?"

இன்று நான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் 'ஹிஸ்' எழுதப் போகும்போதெல்லாம் அந்த விரல் என் கண்முன் வருகிறது, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.