கணவனிடமே மீன் வாங்குகிறவள்

அவையோருக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் வியாபாரம் செய்கிறார்கள் என்று சொன்னால், 'குடும்பத்துக்கு ஒத்தாசையாக ஏதோ விற்கிறார்கள்' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கானா நாட்டுக் கடற்கரைக்குப் போனால் அந்த நினைப்பு நிற்காது.

அங்கே ஃபான்டி இன மீனவர் ஊர்களில் கடலுக்குப் போவது ஆண். படகு கரை சேர்ந்ததும் அவன் மீனைத் தன் மனைவிக்கு விலைக்குக் கொடுக்கிறான். ஆம், விலைக்கு! அவள் அதை அடுப்பில் புகை போட்டு, உள்நாட்டுச் சந்தைகளுக்கு அனுப்பி, விற்று முடித்த பிறகு அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கிறாள். மிஞ்சுவது அவளுடையது. வீடு ஒன்றானாலும் கணக்கு இரண்டு. வலை வாங்க, எஞ்சின் வாங்க அவனுக்குப் பணம் வேண்டுமா? கொஞ்சம் வசதியான மீன் வியாபாரிப் பெண்ணிடம்தான் போய் நிற்பான். அவளும் சும்மா கொடுப்பதில்லை. பிடிபடும் மீன் தனக்கே வர வேண்டும் என்று பேசிக்கொண்டுதான் கொடுப்பாள். படகில் அவள் ஏறுவதில்லை, அவள் போட்ட முதல் ஏறிப்போகிறது.

சந்தைக்குள் வந்தால் தக்காளிக்கு ஒரு தலைவி, கிழங்குக்கு ஒரு தலைவி. 'சந்தை ராணி' என்பார்கள். சண்டையைத் தீர்ப்பது, அதிகாரிகளிடம் பேசுவது எல்லாம் அவர்தான். வெளியூர்ச் சரக்கை உள்ளே விடாமல் விலையை ஏற்றுகிறார்கள் என்ற புகாரும் உண்டு. அது முழுப் பொய் என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் 1979இல் நடந்ததைப் பாருங்கள். கொக்கோ ஏற்றுமதி சரிந்து, நாணயம் மதிப்பிழந்து, கடைகளில் சரக்கே இல்லை. ஜூன் 4இல் ஆட்சியைப் பிடித்த ஜெர்ரி ராலிங்ஸின் இராணுவ அரசு யாரைப் பிடித்தது தெரியுமா? சந்தைப் பெண்களை! பதுக்கல்காரிகள் என்று சொல்லிப் பலரைப் பொது இடத்தில் சவுக்கால் அடித்தார்கள். ஆகஸ்ட் 18இல், தலைநகர் அக்ராவின் மக்கோலா முதலாம் எண் சந்தையைப் படையினர் தரைமட்டமாக்கினார்கள். இறக்குமதி லைசென்ஸை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர்கள் சந்தையில் உட்கார்ந்திருக்கவில்லையே! பஞ்சத்துக்குக் காரணம் கேட்டால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கடை விரித்தவள்தான் அகப்பட்டாள். இடித்த இடத்தைப் பிறகு வண்டி நிறுத்துமிடம் ஆக்கி, ராலிங்ஸ் பார்க் என்று பெயரும் வைத்தார்கள். விலைவாசி இறங்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அங்கே பெண்கள் ராஜ்ஜியம் என்று கைதட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதே சந்தையில் கயாயே என்று ஒரு கூட்டம் உண்டு. வறண்ட வடகானாவிலிருந்து வரும் சின்னப் பெண்கள். தலையில் பெரிய உலோகத் தட்டை வைத்து அடுத்தவர் சரக்கைச் சுமக்கிறார்கள். இரவில் பலருக்குக் கடைத் திண்ணைதான் படுக்கை. தையல் பழகவோ, கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கவோ காசு சேர்க்கிறார்கள். அவர்களிடம் கூலியைக் குறைத்துப் பேசுகிறவர்களில் ஆணும் உண்டு, நான் இவ்வளவு நேரம் மெச்சிய வியாபாரிப் பெண்ணும் உண்டு.