வரலாற்றுக்கு விடை எழுதுவது: வேலூர் 1806-ஐ வைத்து ஒரு பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்திருப்பவர்கள், முதுகலையில் வரலாறு படிப்பவர்கள், உங்களோடுதான் இன்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் பெற்றோரும் கேளுங்கள், நல்லதுதான்.

விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள். தாளுக்கு 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் தாளில் வரைபடக் கேள்வி ஒன்று உண்டு, அதற்கு நினைவாற்றல் வேண்டும். மற்ற கேள்விகள் வேறு ஜாதி. ஒரு கருத்தைக் கொடுத்து, திறனாய்வு செய்யுங்கள், எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று கேட்பார்கள். இதற்கு நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள் என்று மூன்று தலைப்பு போட்டு நோட்ஸில் இருப்பதை அப்படியே இறக்கி வைக்கிறார்கள். எழுதியதில் தப்பு எதுவும் இருக்காது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இருக்காது. ராத்திரி பகல் பாராமல் படித்த பிள்ளைக்கு இதனால் மதிப்பெண் குறையும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

வரலாற்றாசிரியர் எப்படி யோசிப்பாரோ அப்படி யோசிக்கப் பழகினால் இது மாறும். பழகுவதற்கு ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை 10.

நடந்தது உங்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் ஐரோப்பியப் படையினரைத் தாக்கினார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஐரோப்பிய வீரர்கள் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். திப்பு சுல்தான் ஆண்ட மைசூர் சுல்தானியத்தின் கொடி கோட்டையில் ஏறியது. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆர்க்காட்டில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து காலையிலேயே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அதன் பிறகு சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர் என்பது நூலுக்கு நூல் மாறுகிறது. 350 என்று சில நூல்கள் சொல்கின்றன, அதற்கு வெகு மேலே போகிற நூல்களும் உண்டு. தேர்வில் ஒரு எண்ணை மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். மாறுபட்ட கணக்குகள் உண்டு என்று அரை வரியில் சொல்லிவிடுங்கள். படித்தவர் எழுதிய விடை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, ஏன் நடந்தது? புதிய தலைப்பாகை, அதில் தோல் பட்டை, நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகள்தான் காரணம் என்று எல்லோரும் எழுதுவார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மகன்களின் சதி என்று இன்னொரு காரணமும் நோட்ஸில் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இந்த இடத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் காரணங்களை யார் சொன்னார்கள், எப்போது, எதற்காக என்று கேளுங்கள். சதிதான் காரணம் என்றால் உத்தரவு போட்ட படைத் தலைமைக்குப் பழி இல்லை. அப்போது தலைமைத் தளபதி கிராடக், சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க். 1807-ல் இருவரையுமே கம்பெனி இயக்குநர்கள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பென்டிங்க் தன் தரப்பை விளக்கி இயக்குநர்களுக்கு எழுதிய முறையீடு 1810-ல் அச்சானது. பதவி பறிபோன ஒருவர், தனக்கு அநீதி நடந்தது என்று நிலைநாட்ட எழுதிய ஆவணம் அது. அதற்காக அதைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். எதை அழுத்திச் சொல்கிறார், எதை மெல்லக் கடக்கிறார் என்று பார்த்துப் படியுங்கள். ஃபேன்கோர்ட்டின் மனைவி எழுதிய அனுபவமும் கிடைக்கிறது. அவர் கோட்டைக்குள் குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்தவர். அந்த இரவின் பயத்தை அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் சிப்பாய்கள் என்ன திட்டம் வைத்திருந்தார்கள் என்பதற்கு அவர் சாட்சி ஆக முடியாது.

சிப்பாய்களின் குரல் எங்கே? பெரும்பாலும் விசாரணையில் கொடுத்த வாக்குமூலங்களில்தான் கிடைக்கிறது. தண்டிக்கப் போகிறவர் முன்னால் நின்று சொன்னது, அதுவும் மொழிபெயர்ப்பில். உயிர் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் ஒருவன் எதைச் சொல்வான், யாரைக் காட்டிக்கொடுப்பான், எதை விழுங்கிவிடுவான்? இந்தக் கேள்வியை விடைத்தாளில் இரண்டு வரியாக எழுதுகிற மாணவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து, காரணத்தைச் சோதித்துப் பாருங்கள். திப்புவின் குடும்பம்தான் காரணம் என்றால், அந்தக் குடும்பம் இல்லாத ஐதராபாத்திலும் அதே ஜூலையில் சிப்பாய்களிடம் கொந்தளிப்பு ஏன்? அங்கே படைத் தளபதி அந்த உத்தரவுகளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அப்படியென்றால் தலைப்பாகைதான் முழுக் காரணமா? தலைப்பாகைக்காக மட்டும் எழுந்தவர்கள் மைசூர்க் கொடியை ஏன் ஏற்ற வேண்டும்? ஒரு காரணத்தை இப்படி இன்னொன்றோடு மோதவிடும்போதுதான் எது தீப்பொறி, எது வெடிமருந்துக் கிடங்கு என்று பிரியும்.

வெடிமருந்துக் கிடங்கைப் பார்க்க ஏழெட்டு வருடம் பின்னால் போக வேண்டும். 1799-ல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதே ஆண்டு தஞ்சாவூர் ஆட்சி கம்பெனி கைக்கு வந்தது, அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் போனது, மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டே வருடத்தில் தென்னாட்டின் பழைய அதிகாரங்கள் பலவும் சரிந்துவிட்டன. அந்த அரசுகளை நம்பிப் பிழைத்த போர்வீரர் குடும்பங்களுக்குப் போக்கிடம் கம்பெனிப் படைதான். அங்கே இந்தியர் எவ்வளவு உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், தலைப்பாகை ஏன் அவ்வளவு பெரிய அவமானமாகப் பட்டது என்பது புரிகிறது. 1806 மே மாதமே தலைப்பாகையை மறுத்தவர்களைச் சென்னைக்கு அனுப்பி, இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி எச்சரித்தும் மேலதிகாரிகள் நம்பவில்லை. என் கருத்தில், உத்தரவு உடனடிக் காரணம், சரிந்த அதிகாரங்கள் ஆழமான காரணம், கொதித்த கோபத்துக்கு ஓர் இலக்கைக் கொடுத்தது திப்புவின் குடும்பம். நீங்கள் வேறு மாதிரி எடை போடலாம். ஆனால் எடை போட்டே ஆக வேண்டும்.

ஒரு கண்ணி உண்டு, அதில் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். வேலூர் 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு ஒத்திகை என்று எழுதுவது. 1806-ல் இருந்தவர்களுக்கு 1857 என்று ஒன்று வரப்போவது தெரியாது. இரண்டையும் ஒப்பிடுங்கள், தாராளமாக. தலைப்பாகைத் தோலும் தோட்டாவில் தடவிய கொழுப்பும் ஒரே பயத்தைத் தொட்டன: மதம் போய்விடும் என்ற பயம். ஆனால் வேலூர் ஒரு காலைப் பொழுதில் முடிந்தது, 1857 வட இந்தியாவில் பெரும் பரப்பில் மாதக்கணக்கில் நீடித்தது. ஒற்றுமையை மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

அப்புறம் நேரம். 250 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 20 மதிப்பெண் கேள்விக்கு 14 நிமிடம்தான் வரும். அதில் மூன்று நிமிடம் பேனாவை வைத்துவிட்டு யோசியுங்கள். கேள்வி சொல்லும் கருத்துக்கு உங்கள் நிலை என்ன என்பதை முதல் இரண்டு வரியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் அந்த நிலைக்கு ஆதாரமாகவோ அதைச் சோதிப்பதாகவோ இருக்கட்டும். முன்னுரைக்கு அழகு சேர்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

இன்று ராத்திரி இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்: 1806-ல் கொந்தளித்த சென்னைப் படை, 1857-ல் பெரும்பாலும் அமைதியாக இருந்தது ஏன்? 14 நிமிடம் கழித்து நிறுத்திவிடுங்கள். எழுதியதை உங்களைப் போலவே படிக்கிற ஒரு நண்பரிடம் கொடுத்து, எந்த வரியில் நீங்கள் வாதம் செய்கிறீர்கள், எந்த வரியில் ஒப்பிக்கிறீர்கள் என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.