சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்தது உணவுக்குழாயில் வரும் ஓர் அலர்ஜி நோயைப் பற்றி. ஈசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்று நீளமான பெயர், சுருக்கமாக ஈஓஈ. பெயர் மறந்துபோனால் பரவாயில்லை, வயது வந்த ஒருவர் “சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது” என்று சொன்னால் இப்படி ஒன்றும் இருக்கிறது என்பது நினைவில் இருந்தால் போதும்.

ஈசினோபில் ஒரு வகை வெள்ளை அணு. குடலில் அது இருப்பது இயல்பு, உணவுக்குழாயின் உள்தோலில் அதற்கு வேலையே கிடையாது. ஆனால் சிலருக்குப் பால், கோதுமை, முட்டை மாதிரியான அன்றாட உணவையே உடம்பு எதிரியாக நினைத்துக் கிளம்ப, அந்த அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் குழாய் தழும்பேறிச் சுருங்கிவிடும். 2013-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். தொந்தரவு தொடங்கி 2 ஆண்டுக்குள் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான் குழாய் சுருங்கியிருந்தது. 20 ஆண்டு தாண்டியவர்களில் அதுவே சுமார் 71 சதவீதம். தாமதம் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, ஏன் இவ்வளவு தாமதம்? ஆட்கள் பழகிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பது, இறைச்சியைப் பொடியாக நறுக்கிக்கொள்வது, மற்றவர்கள் கை கழுவிய பிறகும் மென்றுகொண்டே இருப்பது, பெரிய மாத்திரையை உடைத்து விழுங்குவது, வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் ஏதாவது சாக்கு சொல்வது. இவர்களிடம் போய் “விழுங்கச் சிரமமா?” என்று கேட்டால் “இல்லையே” என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது சிரமமாகவே தெரிவதில்லை. அதனால் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும், முடிந்தால் உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடமும் கேட்க வேண்டும். ஆஸ்துமா, எக்சிமா என்கிற தோல் அரிப்பு, அலர்ஜி மூக்கடைப்பு, உணவு அலர்ஜி உண்டா என்பதும் அவசியமான கேள்வி. ஆண்களுக்குத்தான் இது அதிகம், அதுவும் இளவயதிலும் நடுவயதிலும். அதற்காகப் பெண் என்றோ வயதானவர் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொன்று. விழுங்கும்போதே இருமலும் புரையேறலும் வந்தால் கோளாறு பெரும்பாலும் தொண்டையில் இருக்கும், அது வேறு கதை. விழுங்கிச் சில நொடி கழித்து நெஞ்சுக்குள் நிற்கிறது, அதுவும் திட உணவு மட்டும் எப்போதாவது நிற்கிறது என்றால் ஈஓஈயை நினைக்கலாம். நாளுக்கு நாள் மோசமாகி எடையும் குறைகிறது என்றால் முதலில் பயப்பட வேண்டியது புற்றுநோய்க்கு. எப்படிப் பார்த்தாலும் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு உள்ளே பார்ப்பது, தேவை, நெஞ்செரிச்சல் என்று நினைத்து மாத்திரையோடு காலம் தள்ளக் கூடாது.

எண்டோஸ்கோப்பியில் வளையங்கள், நீளவாக்கில் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம், இங்கேதான் நிறையப் பேர் தவறவிடப்படுகிறார்கள். உணவுக்குழாய் பார்க்க நன்றாக இருந்தாலும் பயாப்ஸி, அதாவது சோதனைக்குச் சின்னச் சதைத் துணுக்கு, எடுக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு துணுக்கு போதாது, நோய் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குகள். மைக்ரோஸ்கோப்பின் உயர் உருப்பெருக்கத்தில் ஒரே பார்வைப் புலத்தில் 15 ஈசினோபில்களோ அதற்கு மேலோ தெரிந்து, வேறு காரணமும் இல்லை என்றால் ஈஓஈ உறுதி. ஏற்கெனவே அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரையே ஈஓஈக்கு ஒரு சிகிச்சை, எண்ணிக்கையைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது. அமிலம் குறைக்கும் அந்த மாத்திரை, விழுங்கும் ஸ்டீராய்டு, காரணமான உணவை ஒதுக்குவது, சுருங்கிய இடத்தை விரிப்பது, அப்புறம் 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி.

கடைசியாக, உணவு அடைத்து எச்சில்கூட இறங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்பை எடுத்ததும் நிம்மதியாகக் கிளம்பிவிடத் தோன்றும். கிளம்புவதற்கு முன் “பயாப்ஸி எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அடுத்த எண்டோஸ்கோப்பிக்கு அங்கேயே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.