எஸ்க்யூஎல் தெரியாமலே தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கலாம்: 1975-இல் வந்த அற்புத யோசனை

வணக்கம். "தம் மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார்?" இந்தக் கேள்வி பள்ளி மாணவருக்கும் புரியும். ஆனால் இதை ஒரு தரவுத்தளத்திடம் கேட்க, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கான கணினி மொழியான எஸ்க்யூஎல்லில், ஊழியர் அட்டவணையை அதே அட்டவணையோடு இணைக்கும் வினவலை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் எழுதாமல், இரண்டே வரிகளை நிரப்பி விடை பெறும் வழியை இந்த வீடியோவில் காட்டுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறையைக் கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்தார். 1974-இல் ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும், கணக்காளர்களும் பொறியாளர்களும் நகரத் திட்டமிடுவோரும்கூடக் கற்றுக்கொள்ளலாம் என்று கருதி, இன்றைய எஸ்க்யூஎல்லின் முன்னோடியை வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டே அதே ஐபிஎம்மின் நியூயார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த மோஷே ஸ்லூஃப் வேறு வழியைக் காட்டினார். காலி அட்டவணையைத் திரையில் வைத்து, தேவையான விடையின் மாதிரியைப் பயனரையே அதில் எழுதச் சொன்னார்.

[திரையில்: பெயர், சம்பளம், மேலாளர் என்ற மூன்று தலைப்புகள், கீழே இரண்டு காலி வரிகள்.]

முதல் வரியில் பெயருக்குக் கீழே "பி." என்று எழுதுகிறோம், "இதைக் காட்டு" என்பது அதன் பொருள். சம்பளத்தின் கீழே "20,000-க்கு மேல்" என்பதற்கான குறியையும், மேலாளரின் கீழே "கண்ணன்" என்ற பெயரையும் இடுகிறோம். இரண்டாம் வரியில் பெயர் கண்ணன், சம்பளம் 20,000. கண்ணனையும் 20,000-ஐயும் இரண்டு வரிகளிலும் அடிக்கோடிடுகிறோம். கேள்வி முடிந்தது!

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அந்த அடிக்கோட்டில்தான் இருக்கிறது. கண்ணன் என்று ஒருவர் அந்த நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. 20,000 ரூபாய் யாருடைய சம்பளமாகவும் இருக்க வேண்டியதில்லை. கோடிட்ட பெயர் "யாரோ ஒருவர்" என்றும், கோடிட்ட தொகை "ஏதோ ஒரு தொகை" என்றும் பொருள்படும். "இன்னார் மகன் இன்னார்" என்று நாம் சொல்வதில்லையா? இயற்கணிதத்தின் மாறி என்ற கருத்தை, அதன் பெயரைக்கூடச் சொல்லாமல், பேச்சு வழக்கின் "இன்னார்" அளவுக்கு எளிதாக்கிவிட்டார் ஸ்லூஃப். இதைவிட அழகான வினவல் முறையை நான் கண்டதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் வினவலை அமைக்கும் கட்டம் இதே மரபில் வந்ததுதான்.

இன்று கேள்வியை அன்றாட மொழியில் தட்டினாலே செயற்கை நுண்ணறிவு எஸ்க்யூஎல் எழுதித் தருகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. "போன மாதம் எத்தனை வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள்?" என்று கடை மேலாளர் கேட்கும்போது, கருவி ரசீதுகளை எண்ணிவிட்டால், மூன்று முறை வந்தவர் மூன்று பேராகிவிடுவார். வினவலில் பிழை இல்லாததால் எச்சரிக்கை எதுவும் வராது. தவறான எண் அப்படியே அறிக்கையில் ஏறிவிடும்.

இத்தகைய கருவிகளை உருவாக்கும் நண்பர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: விடைக்குப் பக்கத்திலேயே, கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதையும் நிரப்பிய அட்டவணையாகக் காட்டுங்கள். எண்ணப்பட்டவை ரசீதுகள் என்று திரையில் தெரிந்தால் போதும். எஸ்க்யூஎல் அறியாத அந்தக் கடை மேலாளரே "ஆளுக்கு ஒருமுறை மட்டும் எண்ணு" என்று திருத்திவிடுவார்.